‘கல்’ என்றால் எந்த நாள்?

போர்ட் பிளேயரில், கப்பல் வந்து நிற்கும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு எதிரே ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்துக்கொண்டே தபால்வழியில் தகவல்தொடர்பியல் படித்தேன். சுனாமிக்குப் பிந்தைய வருஷங்கள். கப்பல் எப்போது என்று ஓயாமல் போன் வரும். முதலாளி தானாகப் பதில் சொல்லும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தார். குரல் என்னுடையது, இந்தியில்.

மெஷின் என்று தெரியாமல் ஆட்கள் அதனிடம், “சரிங்கம்மா, நல்லாயிருங்க” என்பார்கள். ஸ்பீக்கரில் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பேன். அதையே ப்ராஜெக்டாகவும் எழுதினேன்.

அரைகுறைப் படிப்பு சும்மா இருக்குமா? தேவையற்ற சொல்லெல்லாம் இரைச்சல் என்று பாடத்தில் இருந்தது. ‘கல் ஜாயேகா’, நாளை போகும் என்பதில் ‘ஜாயேகா’வை வெட்டினேன். “கேம்பல் பே சே ஜஹாஜ், கல், சுபஹ் ஆட் பஜே.” அதாவது கேம்பல் பேயிலிருந்து கப்பல், கல், காலை எட்டு மணிக்கு. கேட்பவர் குறித்துக்கொள்ளச் சிறு இடைவெளி. பிறகு நன்றி, “தன்யவாத்.” அச்சு அசல் ஆள் பேசுவது மாதிரியே இருக்கிறது என்று முதலாளி மெச்சினார். இந்தியில் நேற்றும் கல், நாளையும் கல். அது எனக்குத் தெரியாததா?

அந்தச் சமயத்தில் அம்மாவை போர்ட் பிளேயரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அப்பா தெற்குக் கோடித் தீவிலுள்ள கேம்பல் பேயில், சாலை உடைந்துபோன பக்கம், ஜெட்டியிலிருந்து வெகு தள்ளித் தோட்டத்தில் இருந்தார்.

“அம்மாவுக்கு ரொம்ப முடியலப்பா. அடுத்த கப்பல்ல வந்துருங்க. எங்க ஆபீஸ் நம்பருக்குப் போட்டா நாள் சொல்லுவாங்க” என்றேன். பேசுவது மெஷின் என்று சொல்லத் தோன்றவில்லை.

கப்பல் வந்தது. அப்பா அதில் இல்லை. அடுத்த கப்பல் வருவதற்குள் அம்மாவை எரித்துவிட்டோம்.

செய்தி கேட்டு வந்து இறங்கியவரிடம், ஜெட்டி என்றும் பாராமல் கத்தினேன். “முந்தின கப்பல்லயே ஏன்ப்பா வரல?”

அப்பா திருதிருவென விழித்தார்.

“நீதானம்மா கல்னு சொன்ன? நேத்தே போயிருச்சான்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சிட்டு தன்யவாத்னு சொன்ன. போயிருச்சுபோலன்னு இருந்துட்டேன்.”

அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

“என்னடா, புள்ள நம்மகிட்டயே இந்தில பேசுதேன்னு நெனச்சேன். முதலாளி பக்கத்துல இருக்காரு போலன்னு விட்டுட்டேன்” என்றார். “அம்மா எப்படியிருக்கான்னு கேக்குறதுக்குள்ள வச்சிட்டியேம்மா.”