உதறாமல் கட்டிய துணி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது நான்கு, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. எடுத்த எடுப்பில் இதைச் சொல்வது பெருமைக்குத்தான். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். இருந்தாலும் இதை இன்னொருவர் கையில் கொடுத்து எழுத வைக்க மனம் வரவில்லை.

கொடியில் இருந்து போர்வையை எடுத்தால் நான் உதறுவேன். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை உதறுவேன். ஓரம் ஓரமாகப் பார்த்த பிறகுதான் மடிப்பேன். "அதுக்குள்ள தங்கமா ஒளிஞ்சிருக்கு? மடிச்சு வைங்கலா, அம்மா," என்று மூத்தவன் சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன்.

தொண்ணூறுகளில் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி அள்ளும் வேலை எனக்கு. வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாக ஒருவர்கூட ஒரு குறை சொன்னதில்லை. சீனத்து மேட்ரன் புது ஆட்களைக் கூட்டிவந்து, இவளைப் பார்த்துப் பழகுங்கள் என்று என்னைத்தான் காட்டுவார். துணியை உதறிவிட்டுத்தான் கட்ட வேண்டும், உள்ளே ஊசி கீசி கிடக்கும் என்பது முதல் சட்டம். கடைசி அறைத் துணி மட்டும் சிவப்புப் பையில் தனியாகப் போக வேண்டும் என்பது இரண்டாவது. அந்த அறையில் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு தம்பி எய்ட்ஸ் நோயோடு படுத்திருந்தான். கதவில் இங்கிலீஷில் எழுதியிருந்தது எனக்கு வாசிக்க வராது. சிவப்பு எது, வெள்ளை எது என்று தெரியாதா?

அன்று காலை சிவப்புப் பை தீர்ந்துபோயிருந்தது. கீழே ஸ்டோருக்குப் போய் எடுக்க வேண்டும். எட்டு மணிக்குள் வார்டைச் சுத்தமாக்கிவிடுவாள் என்ற பேர் எனக்கு. அந்தப் பேருக்காக, கடைசி அறை விரிப்பை உதறாமல் சுருட்டி வெள்ளைப் பையில் மற்றதோடு திணித்தேன்.

அப்போது அந்தப் பிள்ளை வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து எங்கள் வார்டில் நர்ஸ் பயிற்சியில் இருந்த பெண். இந்த ஊரில் அவளுக்குச் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது. "பாரமாக் கிடக்கு, விடுங்கோ அன்ரி, நான் பிடிக்கிறன்," என்று பையின் அடியில் கை கொடுத்தாள். உடனே கையை உதறினாள். விரலில் ஒரு பொட்டு இரத்தம். பைக்குள்ளே யாரோ விட்ட ஊசி.

மேட்ரன் ஓடிவந்தார். இது எந்த அறைத் துணி என்று மலாயில் கேட்டார். நோயாளி யார் என்று தெரிந்தால்தான் டாக்டர் அந்த நோய் ஒட்டாமல் தடுக்கிற மருந்தைக் கொடுப்பார், அதையும் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்றார். எல்லாம் என் காதில் விழுந்தது.

"தாக் தாவு," என்றேன். தெரியாது என்று. கடைசி அறைத் துணியா என்று கேட்டார். அது சிவப்புப் பையில்தானே போகும் என்றேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன்? கொஞ்ச நேரம் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். காலை எட்டில் இருந்து மதியம் ஒன்று வரை. ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரமும் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தபோது அவளே என்னைத் தேடி வந்தாள். விரலில் கட்டு. "என்ன அன்ரி, சாப்பிடேல்லையோ? மேட்ரன் ஏசினவவோ? நான் சொல்லிப்போட்டன், அன்ரி ஒரு நாளும் உதறாமல் கட்டமாட்டா எண்டு."

என்னை யார் அடித்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது. எழுந்து நேராக மேட்ரனிடம் போய்ச் சொன்னேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி மருந்து வாங்கிவந்து அவள் விழுங்கும்போது மணி மூன்று. அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த மருந்து. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காது அவளுக்கு. தினமும் கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் கொண்டுபோவேன். "உப்புக் காணாது அன்ரி," என்று சிரித்துக்கொண்டே குடிப்பாள். ஊருக்குப் போட்ட கடிதத்தில் அம்மாவுக்கு இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையாம்.

ஆறு மாதம் இரத்தம் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர்மலைப் படிகளை ஏறி முருகனிடம் நின்றேன். கடைசியில் ஒன்றுமில்லை என்று வந்தது. "ஏன் அவ்வளவு நேரம் சொல்லேல்லை?" என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. பயிற்சி முடிந்து ஊருக்குப் போன அன்றும் கேட்கவில்லை. என்னை மேட்ரன் சமையல்கட்டுக்கு மாற்றினார். புது ஆட்களுக்கு வேறொருத்தியைக் காட்டினார். அந்தப் பிள்ளை வாந்தியெடுத்துக் கிடந்த நாளிலும், என் பேர் போனதுதான் எனக்கு உறுத்தியது. அதை எழுதத்தான் அதிக வெட்கமாக இருக்கிறது.

எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிட்டேன். மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு வாசித்தாள். ஓர் இடத்தில் குரலைத் தாழ்த்தி வேகமாகத் தாண்டப் பார்த்தாள்.

"நில்லு ம்மா. எத்தனை மணி நேரம்னு எழுதியிருக்கேன்? அதை மறுபடி வாசி. சத்தமா."