மீன்தலைக் கிடங்கு

டென்மார்க்கில, பிராண்டேயில, வீட்டுப் பின்வளவில கிடங்கு வெட்டி மீன்முள் தாட்டுக்கொண்டு நிண்டனான். முழங்காலெல்லாம் மண் அப்பின ஒரு நெட்டை டெனிஸ் மனிசன் கையில கொப்பியோட வேலிக்கு மேலால எட்டிப் பார்த்தார். வளவில குப்பை தாக்கிறன் எண்டு கொம்யூன் கந்தோருக்கு, ஊராட்சிக்கு, கோள் சொல்லுற ஆளோ எண்டு எனக்குச் சந்தேகம்.

"அந்தக்காலச் சனத்தின்ர குப்பைக்கிடங்கு கிண்டி ஆராயிறதுதான் என்ர வேலை," எண்டார். அமெரிக்காவில இங்கிலீசுக்காரர் முதல்முதல் நிலையாக் குடியேறின இடத்தைக் கிண்டினவராம். "நாயெலும்பில கத்திவெட்டு இருந்தது. பட்டினியில திண்டிருக்கினம்."

பிறகு என்ர கிடங்கை உத்துப் பார்த்தார். "முழுக்கத் தலையெலும்பு. பின்னுக்குக் கிண்டுறவன் உங்களையும் பஞ்சப்பட்ட சனம் எண்டுதான் நினைப்பான்."

"பஞ்சமோ? தலைக்குழம்புக்கு என்ர வீட்டில அடிபிடி. அதையும் எழுதும்!"

தலையாட்டினார், எழுதேல்லை.

கோள்காரனோ, மெய்யாக் கிண்டுறவரோ, இண்டைக்கும் தெரியாது. ஆனா அதுக்குப் பிறகு முழு மீன் வாங்கினால், நடுமுள்ளை உடையாமல் எடுத்து, பின்னுக்குக் கிண்டுறவன் முதல் அதைக் காணட்டும் எண்டு மேலால வைச்சுத்தான் மூடுறன்.