நான் அழித்த கட்டம்

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நின்று கத்தினேன்.

நான் கத்துகிற ரகம்தான். பத்திரிகையில் வாராவாரம் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். சிலிண்டர் லேட்டாக வந்தால் கத்துவேன், ஸ்டாப்பில் நிற்காமல் போன பஸ்ஸைப் பார்த்துக் கத்துவேன். வீட்டுக்கு வந்து அதையே எழுதி, உங்களிடம் கொஞ்சம் கைதட்டலும் வாங்கிக்கொள்வேன். இந்தத் தடவை எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கை வரவில்லை.

நடந்தது இதுதான். சேரன்மகாதேவியில் இருக்கிற என் மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, காலையில் காபி ஆற்றும்போது டம்ளர் கையிலிருந்து நழுவியிருக்கிறது. எடுக்கக் குனிந்தவளுக்கு வலது கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம் என்று அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுக்க, போட்டது போட்டபடி கிளம்பித் திருநெல்வேலியில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். சீக்கிரமாகவே வந்துவிட்டார்கள். அதை டாக்டரே சொன்னார்.

நான் பாளையங்கோட்டையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அண்ணன் அவசர சிகிச்சைக் கதவுக்கு எதிர் நாற்காலியில், கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே சொல்லுதாங்க?"

"ஒண்ணும் சொல்லலளா. ஸ்கேன் எடுக்கக் கொண்டு போனாங்க. நான் இங்கனயேதான் இருக்கேன். ஒருத்தரும் கூப்பிடல."

வாசலில் நின்ற செக்யூரிட்டியிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறான். "கூப்பிடுவாங்க அண்ணாச்சி, பைய உக்காருங்க" என்று அவரும் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். அண்ணன் உட்கார்ந்துவிட்டான். சொன்னால் கேட்கிற மனுஷன் அவன். எங்கள் வீட்டில் அந்தக் குணம் அவனோடு சரி.

நான் நேரே கவுன்ட்டருக்குப் போனேன். அங்கே ஒரு சின்னப் பெண். மதினி பெயரைச் சொன்னதும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"அக்கா, உங்களத்தான் தேடுதாங்க! மூளையில ரத்தக்கட்டு கரைய உடனே ஊசி போடணும், சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னு மெசேஜ் போயிருக்கு. ரெண்டு தடவ போனும் பண்ணியிருக்கு. யாருமே எடுக்கலியே!"

எந்த நம்பருக்கு? மதினியின் நம்பருக்கு. எப்போதோ சுகர் பார்க்க வந்தபோது கொடுத்தது. அந்த போன் சேரன்மகாதேவி வீட்டு அடுப்படியில் சார்ஜில் கிடந்தது. அண்ணனோ கதவிலிருந்து இருபதடி தூரத்தில் இருந்தான்... முக்கால் மணி நேரமாக.

முதலில் அண்ணனைக் கையெழுத்துப் போட உள்ளே அனுப்பினேன். அப்புறம் திரும்பி வந்து கத்தினேன். கூட வந்த மனுஷன் யாரு, அவர் நம்பர் என்னன்னு கேட்டு எழுத மாட்டீங்களா? இதுகூடத் தெரியாமலா ஒரு ஆஸ்பத்திரி? ஹாலே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க என்ன செய்யக்கா? எழுதுததுக்கு ஸ்க்ரீன்ல எடம் இல்ல. நீங்களே பாருங்க" என்று மானிட்டரை என் பக்கம் திருப்பினாள்.

பார்த்தேன். கிட்டே குனிந்து மறுபடியும் பார்த்தேன்.

என் பிழைப்பு என்ன என்று இங்கே அதிகம் சொன்னதில்லை. சாப்ட்வேர் கம்பெனிகளுக்கு ஸ்க்ரீன் வரைந்து கொடுப்பவள் நான். புரோகிராம் எழுதுகிறவர்கள் ஆரம்பிக்கும் முன்னால், திரையில் எந்தக் கட்டம் எங்கே, எந்தப் பட்டன் எங்கே என்று மாதிரிப் படம் போட்டுக் கொடுப்பது. வீடு கட்டுவதற்கு முன்னால் பிளான் போடுகிற மாதிரி. அதற்கென்று டயக்ராம் போடுகிற சாப்ட்வேர் இருக்கிறது. ஜன்னல், பட்டன், டிக் அடிக்கிற கட்டம் என்று ரெடிமேட் வடிவங்கள் அதிலேயே உண்டு. நம் ஊர் வேலைக்கு அது போதாது. நமக்கு வேண்டியதை நாமே ஷேப்பாகச் செய்துகொள்ள வேண்டும்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரிக்காக அப்படி ஒன்று செய்தேன். நோயாளி அட்டை என்று பெயர் வைத்தேன். மூன்று நாள் அவர்கள் கவுன்ட்டரிலேயே உட்கார்ந்து, அங்கிருந்த பழைய நோட்டைப் பார்த்தேன். அதில் 'கூட வந்தவர்' என்று ஒரு வரி. அந்த வரிதான் அடைசலாக நிரம்பிக் கிடந்தது. கொழுந்தியா மாப்பிள்ளை, மேலத்தெரு அண்ணாச்சி, கூட வேலை பார்க்கும் டீச்சர்... நம் ஊரில் யார் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? காய்ச்சலுக்கே மூன்று பேர் போவோம்.

ஆகவே என் ஷேப்பில் அதற்கு நீளமாக ஒரு கட்டம் போட்டேன். பெயர், உறவு, போன் நம்பர். கோடு கோடாக வரைந்து, எல்லாவற்றையும் ஒரே துண்டாக க்ரூப் பண்ணி, இழுத்தாலும் எழுத்து நசுங்காதபடி பூட்டி, ஷேப்புகளைச் சேர்த்து வைக்கிற என் சொந்த லைப்ரரியில் சேமித்தேன். அங்கிருந்து இழுத்து இழுத்து நாற்பது ஸ்க்ரீனில் வைத்தேன். அழகாக இருந்தது. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள்?

படத்தைக் காட்டுகிற மீட்டிங்கில் அந்த ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி மூக்கைச் சுருக்கினார். "ஸ்க்ரீன் நெரிசலா இருக்கே மேடம். பேஷன்ட்டோட போன் நம்பர்தான் இருக்கே, இது எதுக்கு ரெண்டாவது நம்பர்?" என்றார்.

எதுக்கு என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்த நோட்டைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பார். கெட்டவர் இல்லை.

நான் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? என்னிடம் ஒரு வித்தை இருந்தது. லைப்ரரியில் இருக்கிற மூல ஷேப்பை மாற்றினால், அதிலிருந்து வைத்த எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும். அதைக் காட்ட அன்று காலையிலிருந்து எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

"எடுக்கணுமா சார்? இப்பப் பாருங்க" என்றேன்.

ஒரு தட்டு. நாற்பது ஸ்க்ரீனிலும் அந்தக் கட்டம் காணாமல் போய்விட்டது. "அடேயப்பா!" என்றார் அதிகாரி. எங்கள் மேனேஜர் மேஜையைத் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜில்லென்று மோர் வந்தது, குடித்தோம்.

அந்த சாப்ட்வேரைக் கம்பெனி அதற்கப்புறம் எந்தெந்த ஊரில் விற்றது என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. திருநெல்வேலியில் அந்த மானிட்டர் என் பக்கம் திரும்பியபோதுதான் தெரிந்தது. நிறம் மாறியிருந்தது. ஆனால் முனை வளைந்த அதே அட்டை, பெயருக்கு இடப்பக்கம் அதே வயசுக் கட்டம். அடியில் வெறுமையாக ஒரு துண்டு. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். பேச்சுக்குக் குறைவில்லாத வாய் இது. தேவைப்படுகிற இடத்தில் ஒட்டிக்கொள்கிறது.

மறுநாள் பழைய மேனேஜரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அது கஸ்டமர் ஓகே பண்ண டிசைன்மா. மாத்தணும்னா ஆஸ்பத்திரிக்காரங்க எழுதிக் கேக்கணும்" என்றார். ஆஸ்பத்திரியில் கேட்டால், "சாப்ட்வேர்ல இருக்கிறதத்தான் மேடம் நாங்க கேக்க முடியும்" என்கிறார்கள். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். திரை சுத்தமாக இருக்கணும் என்று சொல்லுகிற எவரும் அந்தத் திரைக்கு வெளியே நாற்காலியில் காத்துக் கிடப்பதில்லை. நானும் அன்று வரை கிடந்ததில்லை.

மதினி பிழைத்துவிட்டாள். பேச்சு தெளிந்துவிட்டது. நடக்கிறாள். வலது கைதான் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும்போது, எதையும் பார்க்காமல் இந்தியா மேப்பைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் போடுகிற டீச்சர் கை. இப்போது சாக்பீஸை வைத்தால் விரல் மூடவில்லை. டாக்டரிடம் கேட்டேன், அந்த முக்கால் மணி நேரம்தான் காரணமா என்று. "அதனாலதான்னும் சொல்ல முடியாது, அதனால இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். இதைவிட 'ஆமாம்' என்றே சொல்லியிருக்கலாம்.

அண்ணனுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. குற்றவாளி யார் என்று தீர்மானித்துவிட்டான். "எந்திச்சு உள்ள போயிருக்கணும்ளா. அவன் உக்காரச் சொன்னான்னு உக்காந்துட்டேன் பாரு... கூறுகெட்டவன்." நான் போகும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறான். சாப்பிடும்போது சொல்கிறான், அவள் கையை எண்ணெய் தடவி நீவும்போது சொல்கிறான். மதினியும், "விடுங்க, உங்க கொணம் அது" என்கிறாள். அவளும் அவன்தான் காரணம் என்று நம்பிவிட்டாள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ என்னண்ணே செய்வ" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறேன். நாலு வாரமாக. இப்படி ஒரு வெட்கங்கெட்ட ஆறுதலை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை.

நேரில் சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை. மதினி இந்தப் பக்கத்தை ஒரு வாரம் விடாமல் படிப்பாள். இப்போது ஒரு கையால் பத்திரிகையை விரிக்க வராததால் அண்ணன்தான் கூட உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறான். அதனால் இந்த வாரம் அவனும் படிப்பான்.

அண்ணே, நீ உட்கார்ந்ததில் தப்பில்லை. உன் பெயரை எழுத வேண்டிய இடத்தை அழித்தவள் நான்.