கொடும்பாவிக்குத் தண்ணீர்

அழகியின் புருஷன் குழந்தைசாமி யுத்தத்துக்கு முன்பு மலாயாவுக்குக் கப்பலேறினான். யுத்தம் முடிந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அவன் வரவில்லை. செத்துப்போனான் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. அழகி தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. கல்யாண வீடுகளுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ஆரத்தித் தட்டை மட்டும் அவள் கையில் கொடுக்க மாட்டார்கள்.

இலுப்பூருக்குத் தெற்கே பாறையும் புளியமரமுமாக ஓர் ஊர். அங்கே அவள் புளி தட்டிப் பிழைத்தாள். கொட்டை நீக்கிய புளியை உருட்டிச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோவாள். கொட்டைகளை வறுத்து ஒரு பானையில் போட்டு வைப்பாள். அதற்காகப் பிள்ளைகள் வரும்.

பிள்ளைகள் பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அழகி உடனே சிரிக்க மாட்டாள். சொன்னது உண்மையாக இருக்கலாம் என்பதுபோல் கொஞ்சம் யோசிப்பாள். அதனாலேயே அவளிடம் அதிகம் பேசின.

பக்கத்து வீட்டு மலையாண்டியின் மகள் செவந்தி இன்னும் பள்ளிக்கூடம் போகாதவள். வறுத்த புளியங்கொட்டையின் தோலை உரிக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். சட்டையைக் கழற்றும்போது பார்த்தால் அதற்கு வெட்கமாக இருக்குமாம். ஒருநாள் அவள் கேட்டாள்:

"மாமாவுக்கு வழி மறந்திருச்சா அத்தை?"

"இருக்கும்."

"அங்கிட்டு வழி கேக்க ஆளே இல்லையா?"

அன்று முழுக்க அழகி அந்த ஊரையே நினைத்துக்கொண்டிருந்தாள், வழி கேட்க ஆளில்லாத ஊரை. இத்தனை வருஷத்தில் மற்றவர்கள் சொன்ன எதையும் விட அது நம்பும்படியாக இருந்தது.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. பெண்கள் அதற்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினார்கள். அழகியோடு போன செவந்தி காய்ந்த கண்மாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இம்புட்டுத் தண்ணியும் எங்கிட்டுப் போச்சு அத்தை?"

"வெயில் குடிச்சிருச்சு."

செவந்தி அண்ணாந்து பார்த்தாள். "அம்புட்டையும் குடிச்சா அதுக்கு ஒண்ணுக்கு வராதா?"

பெண்கள் ஊற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அழகி குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தானும் அண்ணாந்து பார்த்தாள்.

ஆவணியும் வறண்டு கழிந்ததும், கொடும்பாவி கட்டி இழுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது. வைக்கோலில் பெண் உருவம் செய்வார்கள். கலயத்தில் கரியால் முகம் எழுதித் தலையாக வைப்பார்கள். சேலை கட்டித் தெருத்தெருவாக இழுத்துப்போய், கண்மாய்க்குள் பிணம்போல் எரிப்பார்கள். ஊரின் பாவமெல்லாம் அவள். அவள் ஒழிந்தால் மழை வரும்.

சேலைதான் சிக்கல். தீயில் போகும் சேலையைப் புருஷன் உள்ளவள் கொடுக்க மாட்டாள். தாலி அறுத்தவளின் வெள்ளைச் சேலை கொடும்பாவிக்கு ஆகாது. இரண்டிலும் சேராதவள் ஊரில் ஒருத்திதான். முன்பு மழை தவறியபோதெல்லாம் ஊர்த்தலைவர், அம்பலக்காரர் ஆவுடையப்பன், அவள் வாசலில்தான் வந்து நின்றார். கட்டிக் கிழிந்த ஏதாவது ஒன்றை அவள் கொடுத்தாள்.

இந்த முறை, உடுத்தியிருந்ததைத் தவிர அவளிடம் இருந்தது கல்யாணச் சேலை மட்டும்தான். செங்கல் நிறக் கண்டாங்கி. எப்போதாவது எடுத்து வெயிலில் உலர்த்துவாள். செவந்தி அதற்கடியில் புகுந்து வீடு கட்டி விளையாடுவாள். பொட்டோடு சாக வேண்டும், அந்தச் சேலையைப் போர்த்திக்கொண்டு போக வேண்டும் என்பதைத் தவிர அழகிக்கு வேறு ஆசை இல்லை. அதை எரித்தால், இத்தனை வருஷம் அவள் சாக விடாமல் வைத்திருந்தவனையும் சேர்த்து எரித்ததாகும்.

ஆவுடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, கட்டாயம் ஒன்றும் இல்லை என்றார். மழை வராவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அது மட்டும்தான் தன் கவலை என்றார். அழகி உள்ளே போய்ச் சேலையை எடுத்து வந்து கொடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் வெயில் ஏறும்போது பறை கிளம்பியது. மலையாண்டி கயிற்றின் முன்பிடியைப் பிடித்திருந்தான். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். பிள்ளைகள் கூச்சலிட்டுப் பின்னால் ஓடின. பிள்ளையார் கோயில் திருப்பத்தில், கயிற்றைக் கைமாற்ற ஆட்கள் நின்றார்கள். செவந்தி புழுதியில் உட்கார்ந்து சேலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இது அழகி அத்தையா?"

"இல்லடி. இது கொடும்பாவி."

"அப்ப ஏன் அத்தை சேலையைக் கட்டியிருக்கு?"

"அத்தைதான் குடுத்துச்சு."

"கொடும்பாவி கேட்டுச்சா?"

செவந்தி எழுந்து வீட்டுக்கு ஓடினாள். குடத்தில் இருந்ததைச் சிரட்டையில் மொண்டு, சிந்தாமல் நடந்து வந்தாள். கலயத்தில் எழுதியிருந்த வாயில் சிரட்டையைச் சாய்த்தாள். தண்ணீர் கரியைக் கரைத்துக்கொண்டு சேலையில் இறங்கியது. ஒப்பாரி நின்றுவிட்டது.

"பிள்ளையைத் தூக்குங்கப்பா," என்றார் ஆவுடையப்பன். "கொடும்பாவிக்குத் தண்ணி குடுத்தா மழை எப்படி வரும்?"

"இழுத்தா மட்டும் வருமா?" என்றாள் செவந்தி. அவள் எதிர்த்துப் பேசவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "மழை மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கும். கீழ எறங்குனா நம்மளையும் இப்பிடி இழுப்பாங்கன்னு பயந்துக்காதா?"

யாரும் சொல்லாமலே பறை நின்றது. ஒவ்வொருவராக வானத்தைப் பார்த்தார்கள். இத்தனை மாதமாக வெறும் இடமாகத்தான் அதைப் பார்த்திருந்தார்கள். இப்போது அங்கே ஒருத்தி நின்று, காலைக் கீழே வைக்கலாமா என்று தயங்குவதுபோல் இருந்தது. ஒப்பாரி சொன்ன பெண்களில் ஒருத்தி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மலையாண்டி கயிற்றைப் போட்டுவிட்டு வந்து சேலையின் முடிச்சை அவிழ்த்தான்.

"பொம்பளையை அம்மணமாவா இழுக்கப்போற?" என்றார் ஆவுடையப்பன்.

"பொம்பளையா இருந்தாத்தான?"

அவன் தன் தலைத்துண்டை உதறி வைக்கோல் இடுப்பில் கட்டினான். கரித்துண்டை எடுத்து, கலைந்துபோன வாய்க்கு மேல் ஒரு மீசை எழுதினான்.

"கொஞ்சம் முறுக்கி விடுங்க. நம்ம அம்பலக்காரர் சாடை வரட்டும்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

சிரிப்பு எழுந்து, பாதியில் அடங்கியது. ஆவுடையப்பன் தன் மீசையைத் தடவிக்கொண்டு பொம்மையைப் பார்த்தார். செவந்தியைப் பார்த்தார்.

"சரி, இழுங்க," என்றார். "நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல."

கொடும்பாவி ஒப்பாரியில் ஆண்பிள்ளையைச் சொல்லி அழப் பெண்களுக்கு வரிகள் இல்லை. வெறுமனே நெஞ்சில் அடித்துக்கொண்டு போனார்கள். மலையாண்டி சேலையை மடித்து எடுத்துக்கொண்டு அழகியின் கதவைத் தட்டினான். செவந்தியும் கூட வந்தாள்.

"இந்தாக்கா. இது வேண்டாமாம்."

"யாரு சொன்னா?"

"ஒன் சினேகிதிதான்."

நடந்ததை அவன் சொன்னான். மழை பயப்படும் இடம் வந்ததும் அழகி அவனை நிறுத்தி, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு செவந்தியை வெகுநேரம் பார்த்தாள். தொட்டுத் தூக்கவில்லை. கோயிலுக்குள் நிற்பதுபோல் கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

சேலையின் முந்தி நனைந்திருந்தது. அழகி அதைக் கொடியில் விரித்துப் போட்டாள். செவந்தி வழக்கம்போல் அடியில் புகுந்துகொண்டாள். ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது.

"அத்தை, இதையும் வெயில் குடிக்குது."

"குடிக்கட்டும்டி," என்றாள் அழகி. "அதுக்கு ஒண்ணுக்கு வரணும்ல."

அந்த வாரம் மழை இல்லை. ஐப்பசியில், கொடும்பாவியை எல்லோரும் மறந்திருந்த ஒரு பிற்பகலில் வந்தது. குழந்தைசாமி கடைசிவரை வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அழகி இறந்தபோது நெற்றியில் பொட்டு இருந்தது. அந்தக் கண்டாங்கியைத்தான் போர்த்தினார்கள். அதுவரைக்கும், மேகம் இருட்டிக்கொண்டு வந்தால் அவள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். அண்ணாந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் மெதுவாகச் சொல்வாள்:

"எறங்கு தாயி. ஒண்ணும் செய்ய மாட்டாங்க."