கீச்சிடாத கால்குலேட்டர்

வலது கை கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்க, இடது கையால் ரொட்டியைக் கிள்ளி ஃபூல் என்கிற மொச்சை மசியலில் தோய்த்து வாயில் போட்டுக்கொள்வாள் தஃபீதா. கண் ரசீதை விட்டு நகராது. தட்டும்போதெல்லாம் அந்த எந்திரம் கீச்சென்று கத்தும். ஒரு கீச்சு குறைந்தால் காதே சொல்லிவிடும்.

"மேடம், அந்தக் குருவிக்குக் கொஞ்சம் தண்ணி வைங்களேன், தொண்டை வறண்டுடப் போகுது" என்பான் பக்கத்து மேசை ஷர்பீனி.

"உன் தொண்டையை நீ பாத்துக்க. எனக்குக் காது கேட்டாத்தான் கை ஓடும்."

அலெக்ஸாண்ட்ரியாவில், கர்மூஸ் பக்கத்துச் சாயப்பட்டறையில் கணக்கு எழுதுகிறவள். நாற்பது தாண்டிவிட்டது. கணக்காளர் பட்டத்துக்கு எல்லாத் தாளும் தேறி, கடைசித் தாளில் மட்டும் தடுக்கி விழுந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவையும் போனால் தேறிய தாள்களும் காலாவதி. முதலிலிருந்து எழுத வேண்டும். அதற்குத் தெம்பில்லை என்று பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், பாவம்.

தேர்வுக்கூட வாசலில் மேற்பார்வையாளர் வஹ்தான் ஒவ்வொரு கால்குலேட்டரையும் வாங்கித் தட்டிப் பார்த்தார். அவளுடையது கீச்சிட்டது.

"சத்தம் போடுறது உள்ளே வரக்கூடாது, மேடம்."

"போன தடவை யாரும் ஒண்ணும் சொல்லலையே, உஸ்தாத்!"

"போன தடவை நான் இல்லையே. இந்தாங்க, இதை வெச்சு எழுதுங்க. திட்டுறதா இருந்தா எழுதிட்டு வந்து திட்டுங்க."

பொறியியல் படிக்கிற பிள்ளைகள் வைத்திருக்கும் வகை அது. சுத்த ஊமை. அவள் தன் பழக்கப்படியே நூல் விலையோடு சாய விலையைக் கூட்டி, நிறுத்தாமல் துணிகளின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொண்டே போனாள். அவளுடைய எந்திரம் தட்டிய வரிசையிலேயே கணக்குப் போடும். இதுவோ, பாருங்கள், பெருக்கலை முதலில் முடித்துவிட்டுத்தான் கூட்டலுக்கு வரும். அது அவளுக்குத் தெரியாது. பக்கம் பக்கமாக எழுதிவிட்டாள்.

ஓரிடத்தில் பேனா நின்றது. சாயம் ஏற்றிய அத்தனை துணிகளின் மொத்த அடக்கவிலை, அவற்றுக்கான வெறும் நூலின் மொத்த விலையைவிடக் குறைவாக வந்திருந்தது.

"இப்படி ஒரு பட்டறை இருந்தா நான் ஏன் பரீட்சை எழுதுறேன்?" என்று முணுமுணுத்தாள்.

மறுபடி தட்டினாள். அதே விடை. பிறகு நூலையும் சாயத்தையும் கூட்டி, சமக்குறியைத் தட்டி நிறுத்தி, அப்புறம் பெருக்கினாள். விடை வேறு.

முன் பக்கங்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் அதே பிழை. நேரமோ பாதிக்கு மேல் ஓடிவிட்டது. இருப்பதை அப்படியே கொடுத்துவிட்டால், வழிமுறைக்கென்று திருத்துகிறவர் ஏதாவது போடுவார். மீதிக் கேள்விகளையும் பார்த்துவிடலாம். தஃபீதா பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு முதல் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு விடையின் மேலும் குறுக்காகக் கோடு இழுத்தாள். கடைசிக் கோடும் முடிந்ததும் கையை உயர்த்தினாள்.

"வெள்ளைத்தாள் குடுங்க, உஸ்தாத்."

வஹ்தான் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து சேரும்வரை அவள் அந்தக் கையை இறக்கவே இல்லை.