ஏ.சி. அறை மாப்பிள்ளை

பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் வயிறு எரிகிறவர்கள் உண்டு. கூடப் படித்தவனுக்குப் பதவி உயர்வு வந்தால் ஒரு வாரம் தலைவலி என்று படுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஒரு பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு இரண்டு கிலோ இளைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் அவரை மெழுகுக்காரர் என்பார்கள். சொந்தப் பெயர் ஒன்றும் இருக்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இல்லை.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போது எங்காவது சந்தேகமாக இருந்தால் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுப்பார்கள். மிளகு அளவுதான் இருக்கும். அது ஒரு சிறு புட்டியில் மிதந்தபடி, கூடவே ஒரு படிவத்தோடு, மாடியிலிருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு வரும். மெழுகுக்காரர் அதன் ஈரத்தை வற்றவைத்து, உருக்கிய மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார். கட்டியை இயந்திரத்தில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் தலைமயிரைவிட மெல்லிய சீவல் ரிப்பன் மாதிரி இறங்கும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கமில்லாமல் கண்ணாடிச் சில்லில் ஏந்தி, சாயத்தில் முக்கி எடுத்தால் ஒரு ஸ்லைடு. டாக்டரம்மா அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, புற்றா இல்லையா என்று எழுதுவார். குடல் புற்று முளையிலேயே தெரிந்துவிட்டால் கிள்ளி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். முற்றிய பிறகு தெரிந்தால் கதையே வேறு.

இருபத்திரண்டு வருடங்களாக இதுதான் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை டாக்டரம்மா தலையை நிமிர்த்தாமலே, "ஸ்லைடு நல்லா வந்திருக்கு" என்பார். அடுத்த பதினைந்து நாளை மெழுகுக்காரர் அதிலேயே ஓட்டிவிடுவார்.

அப்போதுதான் பெட்டி வந்தது. ஸ்லைடின் படத்தைப் பார்த்துப் புற்றா இல்லையா என்று தானே சொல்லக் கற்கும் கம்ப்யூட்டர்.

அதை வைத்து நடந்த ஆராய்ச்சியின் நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. சுற்று வட்டாரத்தில் ஆறு சின்ன ஆஸ்பத்திரிகள். அங்கே ஸ்லைடு போட ஆள் உண்டு, பார்க்கிற டாக்டர் கிடையாது. எல்லாம் இங்கே வந்து வரிசையில் கிடந்து, முடிவு தெரிய மூன்று வாரம் ஆகும். பெட்டி முதல் பார்வை பார்த்து, "இது மோசம், இதை முதலில் கவனி" என்று பிரித்துக் கொடுத்தால் மூன்று வாரம் மூன்று நாளாகும். நல்ல காரியம். மெழுகுக்காரரும் அதை மறுக்கவில்லை. அவர் வழக்கு வேறு. மெழுகு வாடையை வெளியேற்ற ஒரு ஃபேன் கேட்டு ஆறு வருடமாக மனு போட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்கு வந்த அன்றே இரண்டு ஏ.சி. ஒன்று ஓட, இன்னொன்று முதலாவதற்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஓட. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். ஜன்னலுக்குப் புதுத் திரை. உள்ளே குரல் உயர்த்தக் கூடாது என்று வேறு யாரோ சொல்லிவைக்க, கூடத்தில் இருந்தவர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான்கு வருடத்து ஸ்லைடுகள் ஆறாயிரத்தைப் படமெடுத்து மாப்பிள்ளைக்கு ஊட்டினார்கள். ஆறாயிரமும் மெழுகுக்காரர் கையால் சீவியவை. ஊட்டி முடித்துப் பரீட்சை வைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. டாக்டரம்மா திரையின் முன் கைகட்டி நின்று, "என்ன கண்ணு இதுக்கு" என்றார். அடுத்த அறையில் மெழுகுக்காரரின் ரிப்பன் அறுந்தது.

அன்றிலிருந்து டாக்டரம்மா காலையில் முதலில் நுழைவது ஏ.சி. அறைக்குள். பதினைந்து நாள் போயிற்று, முப்பது நாளும் போயிற்று. ஸ்லைடு எப்படி வந்திருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. மெழுகுக்காரர் வேண்டுமென்றே இருமிப் பார்த்தார். மாப்பிள்ளைக்குத் தூசி ஆகாது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

வீட்டில் சொல்லிப் புலம்பினார். மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேஜையில் இருப்பவர். ஒரு காதில் வாங்கிக்கொண்டே வேறு வேலை பார்ப்பதில் பல வருடத் தேர்ச்சி. துணி மடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு பெட்டியச் சக்களத்தி மாதிரி பாக்குற ஆம்பளைய இப்பதான் பாக்கறேன்" என்றார்.

இந்த இடத்தில் மெழுகுக்காரரின் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீலச் சாயத்தில் ஒவ்வொரு ஸ்லைடும் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. அவர் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் வைப்பதில்லை. சீவும்போதே சில துணுக்குகள் கத்திக்கு அடியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கொஞ்சம் விறைப்பு, கொஞ்சம் பொடிதல். இது சரியில்லை என்று கைக்குத் தோன்றினால் அந்த ஸ்லைடை இரண்டாவது தட்டில் தனியாக அடுக்கி ஏழு நிமிடம் வைப்பார். சாயம் ஆழமாகப் பிடிக்கும், டாக்டரம்மாவின் களைத்த கண்ணுக்குச் சுலபமாக இருக்கும். யாரும் கேட்டுச் செய்யவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அவராகச் செய்த உபகாரம்.

இன்னொரு சங்கதி. தினமும் முதலில், சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, நோயில்லாத சதை ஒன்றைச் சீவி முக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு மெழுகுக்காரர் வைத்திருந்தது தன் சொந்தக் குடல்வாலை. பதினோரு வருடத்துக்கு முன் வயிற்றுவலி என்று படுத்தபோது அவசரமாக எடுத்தது. லீவு முடிந்து வந்து அவரே பதித்து அவரே சீவினார். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று எழுதினார். வலி நிஜம், குடல்வால் நிரபராதி. வீணாகப் போகக் கூடாது என்று அதை அன்றாட மாதிரியாக வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை, மற்ற ஸ்லைடுகளோடு சேர்த்து மாப்பிள்ளை அந்தக் குடல்வாலையும் பார்த்தது. திரையில் சிவப்புக் கட்டம் விழுந்தது. புற்று, தொண்ணூற்று நான்கு சதவீதம்.

மெழுகுக்காரரின் கை தானாக வலப்பக்க அடிவயிற்றுக்குப் போயிற்று. டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார், சிரித்தார். பதினோரு வருடம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். அதோடு விட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். போகிறபோக்கில் அவர், "பாவம், நூத்துல நாலு தப்பு வரத்தானே செய்யும்" என்று பெட்டியின் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாவம்! இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு ஸ்லைடு மடிந்துபோய் வந்ததற்கு மெழுகுக்காரர் விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரைப் பாவம் என்று யாரும் சொன்னதில்லை. பயம் போய்விட்டது, எரிச்சல் போகவில்லை. தப்பு எங்கே வந்தது என்று கண்டுபிடித்து அதன் மானத்தை வாங்கியே தீருவது என்று உட்கார்ந்தார். யோசித்துப் பார்த்ததில், அன்று காலை ஏ.சி. அறையையே முறைத்துக்கொண்டு வேலை செய்த கவனக்குறைவில், குடல்வாலை இரண்டாவது தட்டில் வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது.

மறுநாள் அதே குடல்வாலை இரண்டு ஸ்லைடாகச் சீவினார். ஒன்று முதல் தட்டில், ஐந்து நிமிடம். மாப்பிள்ளை ஒன்றுமில்லை என்றது. மற்றது இரண்டாவது தட்டில், ஏழு நிமிடம். புற்று என்றது. ஏழு முறை செய்து பார்த்தார். ஏழு முறையும் அப்படியே.

அன்று அவர் அடைந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். மாப்பிள்ளைக்குக் கண்ணே கிடையாது. நான்கு வருடமாக இவர் எதைச் சந்தேகப்பட்டு அதிக நேரம் முக்கினாரோ, அதன் கறுத்த நீலத்தைப் பார்த்துத்தான் புற்று என்று சொல்லக் கற்றிருக்கிறது. தொண்ணூற்றாறும் இவர் மார்க்கு. இவரைப் பார்த்துக் காப்பியடித்து முதல் ரேங்க் வாங்கியிருக்கிறது!

சந்தோஷம் இரவுச் சாப்பாட்டு நேரம் வரைதான் தாங்கியது. மனைவியிடம் முழுவதையும் சொன்னார். இந்த முறை மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"சொல்லாம விட்டா என்ன ஆகும்?"

"அடுத்த வாரம் ஆறு ஆஸ்பத்திரிக்கும் அத அனுப்பறாங்க. அங்க எல்லா ஸ்லைடும் ஒரே நேரம்தான் சாயத்துல இருக்கும். ரெண்டாவது தட்டுன்னு ஒண்ணு கிடையாது. அதனால இது எல்லாருக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிடும்."

"சொன்னா?"

"சுவத்துல ஒட்டியிருக்கறத நாலு வருஷமா மீறினேன்னு ஆகும். ஆராய்ச்சி படுத்துடும். வேலையும் போகலாம்."

மனைவி எழுந்தார். புகார் மேஜையில் பதில் சொல்ல முடியாத புகார் வந்தால் அவர் செய்வது போல, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இரண்டு நாள் மெழுகுக்காரர் வாயைத் திறக்கவில்லை. இங்கே அவரை உத்தமராக்கிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. முகம் தெரியாத நோயாளிகளுக்காக மனசாட்சி உறுத்தியது, எழுந்து உண்மையைச் சொன்னார் என்று எழுதலாம். உறுத்தியது, பொய்யில்லை. ஆனால் உறுத்தல் அவரை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்ததே தவிர, நாற்காலியை விட்டு எழுப்பவில்லை. எழுப்பியது வேறு.

மூன்றாம் நாள், மாப்பிள்ளையை வழியனுப்பக் கூட்டம். ஆறு ஆஸ்பத்திரியிலிருந்தும் ஆட்கள் வந்து வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா படங்களைக் காட்டிப் பேசினார். நாமெல்லாம் இருபது வருடம் பழகினாலும் கைவராத ஒரு நுட்பம் இதற்கு நான்கு மாதத்தில் கைவந்திருக்கிறது என்றார்.

கடைசி வரிசையில் மெழுகுக்காரர் எழுந்துவிட்டார். "அது என் கைங்கம்மா" என்றார். "அதுக்கு ஒரு எழவும் தெரியாது. என் தட்டத்தான் பாக்குது."

பிறகு குடல்வாலின் பதினான்கு ஸ்லைடுகளையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தார். பையில் ஏன் வைத்திருந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மாப்பிள்ளையின் பயணம் நின்றது. டாக்டரம்மா மூன்று வாரம் அவரிடம் பேசவில்லை. மேஜையில் ஸ்லைடு வைத்தால் ஜன்னலைப் பார்ப்பார். மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் போயிற்று. வேலை போகவில்லை; போயிருந்தால் ஆறாயிரத்தையும் மறுபடி யார் சீவுவது? அலமாரியிலிருந்த பழைய கட்டிகள் அத்தனையும் புதிதாகச் சீவப்பட்டு, ஒரே தட்டில், அலார மணி வைத்து, ஐந்து நிமிடம் முக்கப்பட்டன. ஒன்பது மாதம். மாப்பிள்ளை மறுபடி பாலர் வகுப்பிலிருந்து படித்தது. இந்த முறை எண்பத்து நான்கு. டாக்டரம்மா எண்பத்து நான்கைப் பார்த்து, இது சுத்தமான எண்பத்து நான்கு என்றார்.

மெழுகுக்காரருக்கு மனசு ஆறியிருக்க வேண்டும். தொண்ணூற்றாறு எங்கே, எண்பத்து நான்கு எங்கே. கூடத்தில் நடையே மாறியது. கத்தி சொல்லும் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவந்தார். ஒரு நாள் டாக்டரம்மா ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பி, நெடுநாள் கழித்துச் சிரித்தார்.

"உங்க கத்திக்குத் தெரியும்னு சொல்றீங்கள்ல. அதையும் அளந்து பாத்துடுவோமே. ஆராய்ச்சிக்கு ஆகும்."

இருநூறு கட்டிகள் கொடுத்தார்கள். எண் மட்டும்தான், படிவம் கிடையாது. மெழுகுக்காரர் ஒவ்வொன்றாகச் சீவிச் சந்தேகம், சந்தேகமில்லை என்று குறித்தார். நான்காவது கட்டியிலேயே ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கை பழையபடி பேசவில்லை. கண் அடிக்கடி இடப்பக்கம் போயிற்று. அங்கே வெறும் மேஜை.

முடிவு வந்தது. நூற்றுக்கு அறுபத்தொன்று. கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தைச் சுண்டினாலே ஐம்பது வரும்.

மெழுகுக்காரர் தன் மேஜைக்குப் போய்ப் பழைய படிவங்களின் கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு படிவத்தையும் கட்டிக்கு இடப்பக்கம் வைத்துக்கொண்டுதான் சீவுவது வழக்கம். அதன் கீழ்மூலையில் பென்சிலால், பொடி எழுத்தில், சிலவற்றில் மட்டும், "பாத்தா சரியில்ல" என்று இருந்தது. இரண்டாவது தட்டில் ஏறியவை பெரும்பாலும் அவை. கத்தி விறைப்பை உணர்வதற்கு முன்பே கண் மூலையைப் படித்துவிட்டிருக்கிறது. கை அதைத் தன் சொந்தச் சரக்கு என்று நம்பியிருக்கிறது.

இவரும் காப்பிதான்.

எழுத்து, படிவத்தை நிரப்பும் குழாய் அறை நர்ஸம்மாவுடையது. ஒரே கட்டடத்தில் பத்து வருடமாக இருந்தும் முகம் பார்த்ததில்லை. புட்டிகள் தூக்குக் கூடையில் வந்துவிடும். மெழுகுக்காரர் படி இறங்கினார். ஆளைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். நர்ஸம்மா குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். மூலையில் எழுதுவதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று மெழுகுக்காரர் கேட்டார்.

"நான் எங்கண்ணே கண்டுபிடிக்கறேன்?" என்றார் அந்த அம்மாள், தண்ணீரை நிறுத்தாமலே. "பத்து வருஷமா பக்கத்துல நின்னு திரையப் பாக்கறேன். சில இடத்தப் பாத்தா எனக்கு வயித்தப் பிசையும். குழாய் விடற டாக்டர்கிட்ட சொன்னா, அறிக்கையில வயித்தப் பிசைஞ்சதுன்னா எழுத முடியும்னு கேப்பாரு. அதான் மூலையில பென்சில்ல போட்டு வைக்கறேன். மேல யாராச்சும் பாத்தாப் பாக்கட்டும்னு."

மேலே யாராவது என்பது தானேதான் என்று மெழுகுக்காரர் சொல்லவில்லை. படியேறினார். போன தடவை உண்மையைச் சொல்ல இரண்டு நாள் எடுத்தவர் இந்தத் தடவை எடுத்தது கால் மணி நேரம். அதில் பத்து நிமிடம் நடுப்படியில் நின்றது. பிறகு படிவக் கட்டை டாக்டரம்மாவின் மேஜையில் வைத்து மூலையைக் காட்டினார்.

டாக்டரம்மா ஒன்று, இரண்டு, பத்து என்று புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைக்காமலே எழுந்து, ஏ.சி. அறையைத் திரும்பியும் பார்க்காமல், படி இறங்கிப் போனார்.

மெழுகுக்காரர் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு கட்டி முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது முடிந்தது. கீழேயிருந்து டாக்டரம்மாவின் சிரிப்பு கேட்டது; நடுவில் நர்ஸம்மாவின் குரல். ஐந்தாவது கட்டியைப் பூட்டும்போது எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.