கற்பகத்தின் ஈய எழுத்து

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், ஆவி, மரத்தடியில் பர்மாக்காரர்கள் கும்பிடும் நாட் தெய்வம், எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனால் பேயோட்டுகிற ஜெபம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். பதினெட்டு வருஷமாக யங்கோனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். எலும்பு, காற்று, தண்ணீர், எப்போதாவது யாரோ விழுங்கின ஊக்கு, மனுஷருக்குள்ளே இருப்பது அவ்வளவுதான்.

என்னோடு வேலை பார்த்தவள் கற்பகம். தின்கன்ஜூனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள், ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம். எக்ஸ்ரே எடுக்கும்போது இடது வலது தெரிவதற்காக, ஈயத்தில் செய்த சின்ன ஆங்கில எழுத்தை, படம் பதிகிற பலகைமேல் ஒட்டுவது பழைய வழக்கம், அது படத்திலேயே வெள்ளையாகப் பதிந்துவிடும். இடதுக்கு எல், வலதுக்கு ஆர், பக்கத்தில் எடுத்தவரின் பெயரிலிருந்து ஓர் எழுத்து. அவளுடையதில் கே. நோயாளி நெளிந்து எழுத்து நழுவினால், கற்பகம் விரலாலேயே அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கதிர் படுகிற இடத்தில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். "கையை எடுடி" என்று நான் கத்தாத நாள் கிடையாது.

புது மெஷின் வந்த பிறகு, படம் எடுத்து முடித்துக் கம்ப்யூட்டரிலேயே எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆனது. நர்சுகளும் நாங்களும் மாதம் ஒரு தரம் கூடி, ஆளுக்கொரு விஷயத்தை ஆராய்ந்து வந்து விவாதிப்போம். அந்த மாதம் இதுதான் விவாதம். ஈயம் வேண்டாம், நேரம் மிச்சம், நோய்த்தொற்றும் குறையும் என்று நான் பேசினேன். அவள் பழைய படங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, பக்கம் மாறிப்போனவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"ஸ்டெல்லா, கம்ப்யூட்டர்ல நீ போடுறது, புள்ள பொறந்தப்புறம் வெக்கிற பேரு. யாரு வேணா மாத்தலாம். ஈயம் கூடவே பொறக்குற மச்சம்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஜெயித்துவிட்டேன். இனி ஈயம் கட்டாயமில்லை என்று முடிவானது. எட்டு நாள் அவள் என் பக்கத்தில் உட்காராமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். பிறகு சமாதானம் ஆனோம், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் டெங்கு வந்து ஆறே நாளில் போய்விட்டாள். அவள் பையில் இருந்த ஈய எழுத்துகள் எல்லாவற்றையும் அவளுடைய அண்ணன் சாம்பல் கலயத்துக்குள் போட்டு ஆற்றில் விட்டார். படகில் நானும் இருந்தேன், கலயம் முழுகியதை என் கண்ணால் பார்த்தேன். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் கழித்து, பட்டப்பகல் மூன்று மணி. த்வாண்டேயில் பானை செய்கிற கோ மின் என்பவர் படகுத்துறையில் வழுக்கி விழுந்து, விலா உடைந்து வந்திருந்தார். நெஞ்சுக்குள் காற்று கசிந்து ஒரு பக்க நுரையீரலை அழுத்துகிறது என்று டாக்டருக்குச் சந்தேகம். கரண்ட் இல்லை, ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. சக்கரம் வைத்த மெஷினைத் தள்ளிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன்.

அந்த வார்டின் சுவரில் ஒரு சின்ன புத்தர் மாடம் உண்டு. கட்டில்களோ அதற்கு நேரே கால் நீட்டுகிற மாதிரிக் கிடக்கின்றன. அப்படிப் படுக்க இங்கே யாருக்கும் மனசு வராது. கோ மின்னின் மனைவி மா ஏ, நர்ஸ் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, அவரைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டாள். மூச்சுக்குத் தவிக்கிறவரை மறுபடி திருப்ப மனசில்லாமல், பலகையை வழக்கம்போலச் செருகிப் படம் எடுத்தேன். படம் தலைகீழாக வந்தது. அதைச் சுழற்ற ஒரு பட்டன், கவிழ்க்க ஒரு பட்டன். நான் அவசரத்தில் கவிழ்த்துவிட்டேன். கவிழ்த்தால் தலை மேலே வந்துவிடும், ஆனால் இடமும் வலமும் மாறிவிடும். அது புத்தியில் ஏறாமல், வலது என்று எழுத்தையும் நானே போட்டுக் காட்டிவிட்டேன்.

படத்தில் காற்று வலது பக்கம் இருந்தது. டாக்டர் சின்னப் பெண், வலது விலாவில் மருந்து தடவி, குழாய் செருகக் கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள். வேலை செய்கிற ஒரே நுரையீரலில் ஓட்டை விழுந்தால் மனிதர் அங்கேயே முடிந்திருப்பார். நான் மெஷினை ஓரம் தள்ளப் போனேன், திரையில் படம் அப்படியே இருந்தது, அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஈயம். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எல் எழுத்தும் பக்கத்தில் கே எழுத்தும், இரண்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தன. எழுத்து அப்படித் திரும்பியிருந்தால் படத்தையே மாற்றிப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

"சயாமா, நிறுத்துங்க. இடது பக்கம். தப்பு என்னோடது" என்று டாக்டரிடம் பர்மியில் கத்தினேன்.

இடது பக்கம் குழாய் போனதும் காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது, கோ மின் மூச்சை இழுத்துவிட்டார். மா ஏ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் ஈயம் எதையும் ஒட்டவில்லை. கட்டில், போர்வை, பலகை எல்லாம் உதறிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பழைய எழுத்து எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், ஒரு வாரம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல் எழுத்தின் ஓரத்தில், அதைப் பிடித்தாற்போல் ஒரு விரல் நுனி எலும்பு இருந்தது, எப்போதோ உடைந்து கோணலாகக் கூடிய முனை. முன்பொரு தரம் மெஷின் அறைக் கதவில் கற்பகத்தின் ஆள்காட்டி விரல் நசுங்கி எலும்பு உடைந்தது, கூடிய பிறகு நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கோணல்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, நான் பேசியது தப்பு, அவள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். அவள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும், அது என்னை அறுக்கிறது. இப்போதெல்லாம் ஈயத்தை ஒட்டிவிட்டு, நோயாளியை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பட்டனை அழுத்தும் முன் தமிழில் மெல்ல, "கையை எடுடி, நானே வெச்சுட்டேன்" என்று சொல்கிறேன்.

எங்கள் அறையில் ஏசி பலமாக இருக்கும், டப்பாவிலிருந்து எடுக்கும் ஈயம் சில்லென்றுதான் இருக்கும். சில நாள் மட்டும், அப்போதுதான் இன்னொருத்தர் கையிலிருந்து வாங்கியது போல வெதுவெதுப்பாக இருக்கிறது.